டிப்ளமசி: பழி போடப் பகடை இல்லாத பலகை விளையாட்டு

பலகை விளையாட்டு என்றால் பகடை இருக்கும், சீட்டுக்கட்டு இருக்கும், கொஞ்சம் அதிர்ஷ்டமும் கை கொடுக்கும் என்று நம்பி டிப்ளமசி பெட்டியைத் திறந்தால் ஏமாற்றம்தான். ஐரோப்பாவின் வரைபடம் ஒன்று, ஏழு நிறங்களில் குட்டிக் குட்டிப் படைகளும் கப்பல்களும், ஒரு விதிப்புத்தகம். அவ்வளவுதான் சரக்கு. யாருக்கு எந்த நாடு என்று ஆரம்பத்தில் குலுக்கிப் போடுவதோடு அதிர்ஷ்டத்தின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் நீங்கள் தோற்றால் காரணம் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆறு பேர், இல்லையென்றால் நீங்கள்.

இந்த ஒரு காரணத்துக்காகவே அரசியல் பேசுகிற எல்லாரும் ஒரு தடவையாவது இதை ஆடிப் பார்க்க வேண்டும் என்று சொல்வேன். செய்தியைப் பார்த்துவிட்டு "அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தா இப்படியா விட்டிருப்பேன்" என்று அங்கலாய்க்காதவர் யார்? இங்கே அந்த நாற்காலி கிடைக்கும். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே ஒன்று புரிந்துவிடும்: எதிராளியின் படைகளை எண்ணுவது சுலபம், அவருடைய ரோஷத்தையும் பயத்தையும் கணக்கில் எடுப்பதுதான் கஷ்டம். அந்தக் கணக்கு வராதவர் எவ்வளவு பெரிய மூளைக்காரராக இருந்தாலும் இந்த வரைபடத்தில் ரொம்ப நேரம் தாங்க மாட்டார்.

இதை உருவாக்கியவர் ஆலன் கால்ஹாமர் என்ற அமெரிக்கர். ஹார்வர்டில் படித்தவர், முதல் உலகப்போர் எப்படி வந்தது என்பதை அங்கே பாடமாகக் கேட்டவர், அந்த யோசனையிலிருந்துதான் 1954-ல் இந்த விளையாட்டு பிறந்தது. நிறுவனங்கள் எதுவும் சீந்தவில்லை. 1959-ல் தானே 500 பெட்டிகள் அடித்து விற்றார். பிற்காலத்தில் அவர் தபால்காரராக வேலை பார்த்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல், ஏனென்றால் 1963 முதலே இந்த விளையாட்டைத் தபாலில் ஆடுகிற ஒரு கூட்டம் உருவாகி, உத்தரவுகளையும் சதிகளையும் கடித உறைக்குள் வைத்து மாதக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தது.

விதிகள் எளிது. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி என ஏழு வல்லரசுகள். ஆட்டம் தொடங்கும் வருடம் 1901. வரைபடத்தில் 34 சப்ளை மையங்கள் இருக்கின்றன, யார் 18-ஐப் பிடிக்கிறாரோ அவர் ஜெயித்தார். எத்தனை மையம் வைத்திருக்கிறீர்களோ அத்தனை படைதான் வைத்துக்கொள்ளலாம், மையம் போனால் படையும் போகும். ரஷ்யாவுக்கு மட்டும் ஆரம்பத்தில் நான்கு, மற்றவர்களுக்கு மூன்று மூன்று. வருடத்துக்கு இரண்டு நகர்வு, வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று. ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் பேச்சுவார்த்தைக்கு நேரம் உண்டு, முதல் சுற்றுக்கு அரை மணி, அப்புறம் கால் மணி என்று வைத்துக்கொள்வது வழக்கம். யாரும் யாரோடும் எழுந்து போய்ப் பேசலாம், எதை வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம். அது முடிந்ததும் ஆளாளுக்கு ரகசியமாக உத்தரவுகளைக் காகிதத்தில் எழுதி மடித்து வைக்க, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்துப் படிக்கிறார்கள். வாயால் சொன்னது எதுவும் செல்லாது. காகிதத்தில் இருப்பதுதான் நடக்கும்.

அந்தக் காகிதம் பிரிகிற கணம்தான் இந்தப் பெட்டிக்கு நீங்கள் கொடுக்கிற காசு.

ஆனால் விளையாட்டின் உண்மையான சூழ்ச்சி வேறொரு விதியில் இருக்கிறது. எல்லாப் படைக்கும் பலம் ஒன்றேதான். ஒன்றும் ஒன்றும் மோதினால் இரண்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒருவரை அவர் இடத்திலிருந்து தள்ள வேண்டுமானால் பக்கத்திலிருந்து இன்னொரு படை ஆதரவு தர வேண்டும், அந்த ஆதரவை உங்கள் படைதான் தர வேண்டும் என்றில்லை, அடுத்த நாட்டுப் படையும் தரலாம். மூன்று படையை வைத்துக்கொண்டு நான்கு பக்கமும் பார்க்கிறவருக்கு வேறு வழியே இல்லை, யாரிடமாவது போய்க் கேட்டே ஆக வேண்டும். நல்லவராக இருப்பதற்காக யாரும் இங்கே கூட்டுச் சேர்வதில்லை, கணிதம் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதால் சேர்கிறார்கள். நம்பாமல் இருந்தால் நிச்சயம் தோல்வி. நம்பினால் ஒருவேளை தோல்வி. இந்த இக்கட்டை இவ்வளவு சுத்தமாக, வேறு எந்தச் சத்தமும் இல்லாமல் மேசையில் வைத்த விளையாட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஸ்வீடனை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் ரஷ்யா தன் வடக்குக் கப்பலை ஸ்வீடனுக்குக் கொண்டுபோகப் பார்க்கும். ஜெர்மனியின் கப்பல் அதற்குள் டென்மார்க்கில் வந்து நிற்கும். இலையுதிர்கால நகர்வில் ஜெர்மனியும் ஸ்வீடனுக்கு உத்தரவு எழுதினால் இரண்டு கப்பலும் மோதி நின்றுவிடும், ரஷ்யாவுக்கு ஒரு மையம் போச்சு. ஜெர்மனிக்கோ ஒரு நஷ்டமும் இல்லை, கப்பல் டென்மார்க்கிலேயே நிற்பதால் அந்த மையம் எப்படியும் கைக்கு வந்துவிடும். ஆக ஜெர்மனி ஆடுகிறவர் கையில், தனக்குச் செலவே இல்லாத ஒரு சலுகை இருக்கிறது. இதை எப்படி விற்பது?

இங்கேதான் ஆள் யார் என்று தெரிகிறது. ஒருவர் ரஷ்யாவைத் தனியே கூப்பிட்டு, "பிரான்ஸ் எல்லையில பர்கண்டி பக்கம் எனக்குத் தலைவலி இருக்கு, வடக்கே உங்களைத் தொந்தரவு பண்ணுற எண்ணமே இல்லை, நீங்களும் என் கிழக்கு எல்லையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்வார். இன்னொருவர் விரலை ஸ்வீடன் மேல் வைத்து, "சைலீசியாவுக்கு ஒரு படை வந்தாலும் இதை மறந்துடுங்க" என்பார். சைலீசியா என்பது ரஷ்ய எல்லையை ஒட்டிய ஜெர்மன் பகுதி. நிபந்தனை இரண்டிலும் ஒன்றேதான், கொடுப்பதும் வாங்குவதும் ஒன்றேதான். ஆனால் இரண்டாமவருக்கு அடிக்கடி கிடைக்கும் பதில் என்ன தெரியுமா? சைலீசியாவுக்கு ஒரு படை. அதனால் ரஷ்யாவுக்கு லாபமா என்றால் இல்லை, ஸ்வீடனும் போய், தெற்கே ஆஸ்திரியா கலீசியாவில் நுழைய வழியும் கிடைத்துவிடும். "என்னை மிரட்டுறியா, பார்த்துடலாம்" என்ற ஒரே கணக்கில் எழுதப்பட்ட உத்தரவு அது. மனிதர்கள் லாப நஷ்டம் பார்த்து நடப்பார்கள் என்று நம்பி வந்தவர்களுக்கு முதல் அடி இங்கேயே விழுந்துவிடும். லாப நஷ்டத்தை எல்லாரும் பார்க்கிறார்கள்தான், மானம் போகாத வரை.

அடுத்து வெனிஸ், திரியெஸ்த். வரைபடம் முழுக்கத் தேடினாலும் இரண்டு வல்லரசுகளின் சொந்த மையங்கள் நேருக்கு நேர் ஒட்டியிருக்கும் இடம் இது ஒன்றுதான். வெனிஸில் இத்தாலியின் படை, திரியெஸ்தில் ஆஸ்திரியாவின் கப்பல், நடுவில் ஒரு கோடு. இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் அடிப்பதில் பெரிய ஆதாயம் கிடையாது, அடித்துக்கொண்டால் பக்கத்தில் இருக்கும் ரஷ்யாவும் துருக்கியும்தான் கொழுக்கும் என்பது நாலைந்து ஆட்டம் பார்த்த யாருக்கும் தெரியும். இருந்தும் அடித்துக்கொள்கிறார்கள். ஏன் என்று உட்கார்ந்து கவனித்தால் பயம்தான் காரணம். ஆஸ்திரியா பயந்துபோய்க் கப்பலைத் திரியெஸ்திலேயே நிறுத்திவைக்கிறது, அதனால் பால்கனில் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகிறது, மெலிந்துபோகிறது, மெலிந்த ஆஸ்திரியாவைப் பார்த்ததும் அதுவரை அப்படி ஒரு எண்ணமே இல்லாத இத்தாலிக்கும் ஆசை வந்துவிடுகிறது. அப்புறம் ஆஸ்திரியா சொல்லும், "பார்த்தியா, நான் பயந்தது சரிதான்" என்று.

நிஜ வரலாற்றிலும் இத்தாலியும் ஆஸ்திரியாவும் 1882 முதல் ஒரே கூட்டணியில்தான் இருந்தன, ஜெர்மனியும் சேர்ந்து மூவர் கூட்டணி. 1914-ல் போர் வந்தபோது இத்தாலி ஒதுங்கி நின்றது. 1915-ல் லண்டனில் ரகசிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டு எதிரணிக்குப் போய் ஆஸ்திரியாவோடு போரிட்டது. மேசையில் இத்தாலியாக உட்கார்ந்து ஆடிய பிறகு அந்தக் கதையைப் படித்தால் "துரோகி" என்ற வார்த்தை அவ்வளவு சீக்கிரம் வாயில் வராது. நியாயப்படுத்துகிறேன் என்று இல்லை. இரண்டு பக்கமும் விலை பேச ஆள் இருக்கும்போது நடுவில் இருப்பவருக்கு என்ன ஓடும் என்பது உள்ளே இருந்து தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இனி எனக்கு இந்த விளையாட்டில் முக்கியமாகப் படுவது. ஒருவரை முதுகில் குத்தி அவரை இரண்டு மையத்துக்குக் குறைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி அவர் முடிந்துபோனவர். அவரிடம் இரண்டு படை இருக்கிறது, ஜெயிக்க வழியே இல்லை, உங்களிடம் வந்து "எதையாவது விட்டுக்கொடுங்க, உயிரோட இருந்துக்கிறேன்" என்று பேரம் பேசினால் அது புத்திசாலித்தனம். யாரும் அப்படி வருவதில்லை. அந்த இரண்டு படையையும் எடுத்துக்கொண்டு நேராக உங்கள் எதிரியிடம் போய், "உனக்கு என்ன வேணும் சொல்லு, எங்க வேணா ஆதரவு எழுதுறேன், அவன் ஜெயிக்கக் கூடாது" என்பார்கள். இரண்டு படைதானே என்று சிரிக்காதீர்கள், ஒவ்வொரு முனையிலும் ஒரு ஆதரவு வித்தியாசத்தில் வெற்றி தோல்வி தீர்மானமாகும் இந்த விளையாட்டில் இழக்க எதுவுமில்லாத இரண்டு படை என்பது மிகப்பெரிய சேனை. அதோடு விலை கொடுத்து வாங்கவும் முடியாது, ஏனென்றால் நீங்கள் என்ன கொடுத்தாலும் அவருக்கு வேண்டாம். உங்கள் தோல்விதான் வேண்டும்.

அதனால் இதை நன்றாக ஆடுகிறவர்களைக் கவனித்தால், குத்துவதற்கு முன்னால் அவர்கள் யோசிப்பது எத்தனை மையம் கிடைக்கும் என்பதை மட்டும் அல்ல என்பது தெரியும். குத்துப்பட்டவர் அதற்கப்புறம் என்னவாக இருப்பார் என்பதையும் யோசிக்கிறார்கள். ஒன்று, திரும்பி அடிக்க வலுவே இல்லாதபடி ஒரேயடியாக முடிப்பார்கள். இல்லையென்றால் கௌரவமாக ஒரு இடம் விட்டுவைத்து, அடுத்த சுற்றிலேயே பேசப் போவார்கள், அவர் திட்டுவதை எதிர்ப்பேச்சுப் பேசாமல் முழுக்கக் கேட்டுக்கொள்வார்கள், அப்புறம் ஒரு யோசனை வைப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மையத்துக்கு ஆசைப்பட்டு நண்பனைக் கிள்ளிவிட்டு வருவது இருக்கிறதே, அது மாதிரி முட்டாள்தனம் இந்த வரைபடத்தில் வேறில்லை. புதிதாக ஆடுகிறவர்கள் தவறாமல் அதைத்தான் செய்வார்கள்.

பின்னால் ஜெர்மனியை ஒன்றாக்கிய பிரஷ்யாவின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் 1866-ல் செய்தது எனக்கு இந்த மேசையில்தான் புரிந்தது. கோனிக்கிராட்ஸ் போரில் பிரஷ்யா ஆஸ்திரியாவைத் தோற்கடித்துவிட்டது. மன்னர் வில்லியமும் தளபதிகளும் வியன்னா வரை போக வேண்டும், நிலத்தைப் பிடுங்க வேண்டும் என்று துடித்தார்கள். பிஸ்மார்க் மல்லுக்கட்டித் தடுத்தார். ஆஸ்திரியாவின் சொந்த நிலம் எதையும் பிரஷ்யா தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு வருடம் கழித்துப் பிரான்சோடு போர் வந்தபோது, பழிவாங்க நல்ல சந்தர்ப்பம் இருந்தும் ஆஸ்திரியா நகரவில்லை. அதே பிஸ்மார்க்கின் ஜெர்மனி 1871-ல் பிரான்சைத் தோற்கடித்து அல்சாஸையும் லொரைனின் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டது. பிரான்ஸ் அதை 1914 வரை மறக்கவில்லை. ஒரே ஆள், ஐந்து வருட இடைவெளியில் இரண்டு வெற்றிகள். ஒன்றில் தோற்றவனுக்கு எழுந்து நிற்க இடம் விட்டது ஜெர்மனிக்குக் காவலாக நின்றது. மற்றதில் எடுத்தது கடைசிவரை காவல் காக்க வேண்டிய சொத்தாகிவிட்டது.

சரி, பொய்யைப் பற்றி. "நண்பர்களைப் பிரிக்கும் விளையாட்டு", "பொய் சொல்லத் தெரிஞ்சாதான் ஜெயிக்கலாம்" என்றெல்லாம் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பாதிதான் உண்மை. மூச்சுக்கு மூச்சு பொய் சொல்கிறவர் மூன்றாவது வருடத்தில் தனியாக நிற்பார், ஆதரவு எழுத யாரும் இருக்க மாட்டார்கள், ஆதரவு இல்லாமல் இந்த விளையாட்டில் ஒரு அடி நகர முடியாது என்று முன்பே சொன்னேன். நன்றாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் உண்மையே பேசுகிறார்கள், சின்னச் சின்ன வாக்குகளை விடாமல் காப்பாற்றுகிறார்கள், அதில் நஷ்டம் வந்தாலும். பொய் என்று ஒன்று சொன்னால் அது ஆட்டத்தின் போக்கையே திருப்புகிற இடமாக இருக்கும். அதைவிட முக்கியமாக, அவர்கள் கேட்கிற வாக்குறுதிகளைப் பாருங்கள். "என்னை அடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று யாரும் கேட்பதில்லை. என்னை அடித்தால் உனக்கே நஷ்டம் என்கிற மாதிரி நிலைமையை முதலில் அமைத்துவிட்டு, அப்புறம் வாக்குறுதி வாங்குகிறார்கள். ஆங்கிலக் கால்வாயில் யாருமே கப்பல் விட வேண்டாம் என்று இங்கிலாந்தும் பிரான்சும் பேசிக்கொள்வது அந்த மாதிரி. கால்வாயில் ஒரு கப்பல் நுழைந்தால் காகிதம் பிரிந்த உடனே ஊருக்கே தெரிந்துவிடும், தெரிந்தவுடன் மற்றவர் திருப்பி அடிக்கலாம், அதனால்தான் அந்த வாக்கு நிற்கிறது. சத்தியத்தின் பலத்தில் எதுவும் நிற்கவில்லை.

இன்னொரு விஷயம், கவனிக்காமல் விடுவது. பேச்சுவார்த்தை நேரத்தில் யாருமே தன்னிடம் வந்து பேசவில்லை என்றால் அந்த ஆள் படும் பாடு இருக்கிறதே! மையங்களை இழந்தவரைவிட அவர்தான் ஆபத்தானவர். மூன்று சுற்று யாரும் கூப்பிடவில்லை என்றால், நான்காவது சுற்றில் முதலில் வந்து தோளில் கை போடுகிறவருக்கு அவர் எதையும் தருவார், யோசனை எவ்வளவு மோசமாக இருந்தாலும். ஜெர்மனி ரஷ்யாவோடு 1887-ல் ஒரு ரகசிய ஒப்பந்தம் வைத்திருந்தது. 1890-ல் பிஸ்மார்க் பதவி விலக வேண்டி வந்ததும், ரஷ்யா கேட்டும் ஜெர்மனி அதைப் புதுப்பிக்கவில்லை. முடியாட்சி ரஷ்யாவும் குடியரசு பிரான்சும் ஒன்று சேராது என்று நினைத்திருப்பார்கள். 1894-ல் அந்த இரண்டு நாட்டுக் கூட்டணி உறுதியாகிவிட்டது. நம் மேசையில் ஜெர்மனி ஆடியவர் ஒருவர் "ரஷ்யாவுக்கு வேறு போக்கிடம் ஏது" என்று அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்ததையும், ரஷ்யாவும் பிரான்சும் மூலையில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததையும் பார்த்தபோது எனக்கு அந்த வருடங்கள்தான் ஞாபகம் வந்தன. அவரிடம் சொல்லவில்லை, நான் அப்போது இங்கிலாந்து.

கணினி இதை ஆடுமா என்றால், ஆடிவிட்டது. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் சிசெரோ என்ற நிரலை வெளியிட்டது. இணையத்தில் மனிதர்களோடு பேசி, பேரம் பேசி 40 ஆட்டங்கள் ஆடி, ஒன்றுக்கு மேல் ஆட்டம் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தது. பெரும்பாலும் நேர்மையாகப் பேசும்படி பயிற்சி கொடுத்தோம் என்று உருவாக்கியவர்கள் சொன்னார்கள், அது பொய்யும் சொல்லியிருக்கிறது என்று வேறு ஆராய்ச்சியாளர்கள் பிறகு எடுத்துக்காட்டினார்கள். எனக்கு அதில் சுவாரசியமாகப் பட்டது வேறு: அதற்கு ரோஷம் கிடையாது. நேற்று குத்தியவரோடு இன்று வெட்கமில்லாமல் பேச முடிவது ஒரு பெரிய பலம்தான்.

இனி குறைகள். நிறையவே இருக்கின்றன, சிலது சின்னக் குறைகளும் இல்லை.

முதல் குறை, இந்த நாடுகளில் மக்களே இல்லை. நீங்கள் உத்தரவு எழுதினால் படை போகும். போக மாட்டேன் என்று சொல்லும் சிப்பாய் கிடையாது, நாடாளுமன்றம் கிடையாது, எதிர்க்கட்சி கிடையாது, ரொட்டி விலை ஏறிவிட்டது என்று தெருவுக்கு வருகிற கூட்டம் கிடையாது. நிஜத்தில் ஒரு தலைவரின் பாதி உழைப்பு தன் வீட்டுக்குள்ளேயே தீர்ந்துபோகிறது. அமெரிக்க அதிபர் வில்சன் 1919-ல் பாரிசில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி நாடுகளின் சங்கத்தை (லீக் ஆஃப் நேஷன்ஸ்) போர் முடிவு ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார், கப்பலேறி ஊருக்குப் போனால் சொந்த நாட்டு செனட் அந்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்துவிட்டது, அமெரிக்கா கடைசிவரை அந்தச் சங்கத்தில் சேரவே இல்லை. டிப்ளமசியில் வில்சனுக்கு அந்தத் தோல்வி வந்திருக்காது. வெளியில் பேரம் பேசத் தெரிந்தால் போதும், தலைவர் ஆகிவிடலாம் என்று இந்த விளையாட்டு ஒரு மயக்கத்தைக் கொடுக்கிறது, அதை நம்பிவிடக் கூடாது.

இரண்டாவது இன்னும் அடிப்படையானது. மையங்கள் 34-தான். அதில் ஒன்றுகூட வளராது. நான் ஒன்று எடுத்தால் இன்னொருவருக்கு ஒன்று குறையும். வியாபாரம் இல்லை, சேர்ந்து சம்பாதிப்பது இல்லை, ஒரு வாய்க்காலை இரண்டு ஊர் சேர்ந்து வெட்டினால் இரண்டு ஊரும் செழிக்கும் என்ற வாய்ப்பே இல்லை. அப்படி ஒரு உலகத்தில் மனிதர்களை அடைத்துவைத்துவிட்டு, "பாருங்கள், மனித சுபாவமே இப்படித்தான்" என்று முடிவுக்கு வருகிற ஆட்கள் உண்டு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் அதைச் சொல்வார், பெரும்பாலும் ஜெயித்தவர். ஒரே ஒரு கதவுள்ள அறையில் தீப்பிடித்தால் எல்லாரும் முண்டியடிப்பார்கள்தான், அதை வைத்து அவர்கள் வீட்டில் எப்படி இருப்பார்கள் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

அதோடு ஆட்டத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது. நாளை என்று ஒன்று இல்லை என்று தெரிந்தவுடன் கடைசி இரண்டு வருடங்களில் எல்லார் முகமும் மாறும், அதுவரை சொன்ன சொல் தவறாமல் இருந்தவரும் 18-ஐ எண்ண ஆரம்பிப்பார். நாடுகளுக்கு அப்படி முடிவு கிடையாது, நேற்று ஏமாந்தவன் நாளையும் பக்கத்திலேயே இருப்பான். விசித்திரம் என்னவென்றால், ஒரே குழு திரும்பத் திரும்பச் சேர்ந்து ஆடினால் இந்தக் குறை தானாகவே சரியாகிவிடுகிறது. போன ஆட்டத்தின் வஞ்சம் இந்த ஆட்டத்துக்கு வரும். அது நாகரிகம் இல்லை, ஒவ்வொரு ஆட்டத்தையும் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று பழைய ஆட்டக்காரர்கள் கண்டிப்பார்கள். நான் அதில் அவர்கள் பக்கம் இல்லை. அந்த வஞ்சம் நுழைந்த பிறகுதான் இது நிஜ அரசியலுக்குக் கொஞ்சமாவது கிட்டே வருகிறது, வாக்குக்கும் ஒரு விலை வருகிறது.

உயிரோடு இருப்பவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டால் டிராவாக முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. 17 மையத்தை வைத்திருப்பவரைக்கூட மற்றவர்கள் சேர்ந்து சரியான இடங்களில் நின்றால் அசைய விடாமல் நிறுத்திவிட முடியும், அப்படிப்பட்ட தடுப்புக் கோடுகளைக் கண்டுபிடித்துப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். முட்டி நின்ற பிறகு டிரா என்பதுதான் நியாயமான முடிவு. ஆனால் அந்த நேரத்தில் "டிரா போதும்" என்று முதலில் சொல்வதை ஒருவரும் விரும்ப மாட்டார்கள். சொன்னால் பலவீனம் தெரிந்துவிடுமாம். ஆளுக்கு ஆள் மற்றவர் சொல்லட்டும் என்று காத்திருந்து, எல்லாருக்கும் தூக்கம் வந்த பிறகும் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். போர்களை நிறுத்துவது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கட்டத்தை ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன்.

நடைமுறைச் சங்கடங்கள் தனி. சரியாக ஏழு பேர் வேண்டும். குறைவான ஆட்களுக்கு மாற்று ஏற்பாடுகள் இருக்கின்றன, ஒருவரே இரண்டு நாடு ஆடுவது போல, ஆனால் ஒருவர் தன்னோடு தானே என்ன பேரம் பேசுவது? சப்பென்று போய்விடும். ஆட்டம் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். சீக்கிரம் ஒழிக்கப்பட்டவர் மிச்ச நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அது கொடுமை, இதற்கு விதிப்புத்தகத்தில் எந்த ஆறுதலும் இல்லை. கப்பல் வழியாகப் படையைக் கடத்துவது, ஆதரவு எப்போது அறுபடும், இப்படிப்பட்ட சிக்கல்களில் முதல் சில ஆட்டங்களில் சண்டை நிச்சயம். விதி தெரிந்த ஒருவர் ஆடாமல் நடுவராக இருந்தால் நிம்மதி.

உண்மையிலேயே மனம் நோகிறவர்கள் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். "விளையாட்டுதானே" என்று குத்தியவர்தான் எப்போதும் சொல்வார், குத்துப்பட்டவர் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில் ஏற்கெனவே பேச்சுவார்த்தை சரியில்லாத இரண்டு பேரை இந்த மேசையில் உட்கார வைக்காதீர்கள்.

ஏழு பேர் சேர மாட்டார்கள் என்றால் இணையத்தில் ஆடலாம், ஒரு நகர்வுக்கு ஒரு நாள் என்று நேரம் கொடுக்கும் தளங்கள் இருக்கின்றன. யோசிக்க நேரம் கிடைக்கும், கணக்குகள் நன்றாக வரும், சண்டை சச்சரவு இல்லாமல் தளமே தீர்ப்புச் சொல்லிவிடும். ஆனால் முகம் தெரியாது. பொய் சொல்லும்போது ஒருவர் வரைபடத்தில் எந்த இடத்தைப் பார்க்காமல் தவிர்க்கிறார் என்பது எழுத்தில் எங்கே தெரியப்போகிறது? எனக்கு நேரில்தான் பிடிக்கும். நேரமில்லாதவர்களுக்கு இணையம் போதும்.

வாங்கலாமா? ஏழு பேர் கையில் இருந்தால், ஒரு முழு நாள் ஒதுக்க முடிந்தால், தயங்காமல் வாங்குங்கள். பதிப்புக்குப் பதிப்பு காய்கள் மாறும், அதற்காகத் தேடி அலைய வேண்டாம், விளையாட்டு எல்லாவற்றிலும் ஒன்றுதான். முதல் ஆட்டத்தில் மட்டும் நாடுகளைக் குலுக்கிப் போடாமல் யோசித்துக் கொடுங்கள். நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் ஆஸ்திரியா சீக்கிரம் ஒழிகிற நாடு, அதைப் புதியவருக்குக் கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். மூலையில் இருக்கும் துருக்கியைக் கொடுங்கள், யாரும் அவ்வளவு சுலபமாக நெருங்க முடியாது, கற்றுக்கொள்ள அவகாசம் இருக்கும். ஆஸ்திரியாவை உங்கள் குழுவிலேயே எல்லாரிடமும் நன்றாகப் பழகத் தெரிந்தவருக்குக் கொடுங்கள். இத்தாலியைப் பொறுமைசாலிக்கு. பேச்சுவார்த்தைக்குக் கடிகாரம் வையுங்கள், நேரம் முடிந்ததும் கையில் இருக்கும் காகிதத்தை வாங்கிவிடுங்கள், "இன்னும் ஒரே ஒரு நிமிஷம்" என்று கெஞ்சுகிறவரிடம் முதலில் வாங்குங்கள்.